ஜிடிபி-யில் நிறம் மாற்றுவது எப்படி? கறுப்புத் திரையில் நீல முகவரி தெரியவே மாட்டேன் என்கிறது

கேள்வி

வணக்கம். சி++ வேலை, நாள் முழுக்க ஜிடிபி என்ற டிபக்கரோடுதான் (நிரலை நிறுத்தி உள்ளே பிழை தேடும் கருவி) பொழுது போகிறது. இத்தனை வருஷமாக பழைய 7 வரிசைப் பதிப்பில் இருந்தேன், எல்லாமே ஒரே நிறத்தில் வரும், கண் பழகிவிட்டது. போன வாரம் என் மெஷினைப் புதுப்பித்தார்கள், ஜிடிபி 12 வந்துவிட்டது, திறந்தால் எல்லாம் கலர் கலராக வருகிறது. நிறம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, உண்மையில் ஃபைல் பெயர் தனியாகத் தெரிவது நன்றாகவே இருக்கிறது, ஆனால் சில நிறங்களை என்னால் படிக்கவே முடியவில்லை.

என் டெர்மினல் கறுப்புப் பின்னணி. பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து இங்கே வந்தது என்ற பட்டியல்) போட்டால் #0 வரி சரியாக இருக்கிறது. #1-இலிருந்து கீழே ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு முகவரி வருகிறது அல்லவா, அது கரு நீலத்தில் வந்து கறுப்போடு கறுப்பாகப் போய்விடுகிறது. நேற்று ஒரு கிராஷ், ஸ்டாக் கெட்டுப்போயிருந்தது, ஃபங்ஷன் பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள்தான் வந்தன, முகவரியை வைத்துத்தான் எந்த லைப்ரரி என்று கண்டுபிடிக்க வேண்டும், அந்த நேரத்தில் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒவ்வொரு இலக்கமாகப் படித்தேன். இது ஒரு பக்கம். வீட்டு லேப்டாப்பில் வெள்ளைப் பின்னணி வைத்திருக்கிறேன், அங்கே நீலம் அருமையாகத் தெரிகிறது, ஆனால் ஃபங்ஷன் பெயர் மஞ்சளில் வந்து காணாமல் போகிறது.

இன்னும் இரண்டு தொல்லைகள். ப்ராம்ப்டுக்கு (கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் வரும் எழுத்து) நிறம் கொடுக்கலாமே என்று எஸ்கேப் குறிகளை (டெர்மினலுக்கு நிறத்தைச் சொல்லும் மறைகுறிகள்) சேர்த்தேன், நிறம் வந்தது, ஆனால் நீளமான கட்டளை அடித்தால் அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் மேலேயே எழுதுகிறது. அப்புறம், சக ஊழியருக்கு அனுப்ப "ஸ்கிரிப்ட்" கட்டளையில் செஷனைப் பதிவு செய்தால் ஃபைல் முழுக்க சதுர அடைப்புக்குறியும் எண்ணுமாகக் குப்பை.

மொத்தமாக நிறத்தை அணைத்துவிடுவதா, இல்லை ஒழுங்காக அமைக்க வழி இருக்கிறதா?


பதில் 1

அணைக்க வேண்டாம், அமைக்கலாம். ஆனால் முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்: நீங்கள் திரையில் பார்க்கும் நிறத்தை ஒரே ஆள் தீர்மானிப்பதில்லை. எது ஃபங்ஷன் பெயர், எது முகவரி என்று பிரித்து அதற்கு ஒரு நிறத்தின் பெயரைச் சொல்வது ஜிடிபி. அந்தப் பெயர் உண்மையில் எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்வது டெர்மினல். சோர்ஸ் கோடு வரிகளில் வரும் நிறம் இந்த இரண்டிலும் சேராது, அது தனி லைப்ரரியின் வேலை. எந்த நிறம் தொல்லை தருகிறதோ அதை யார் பூசினார்கள் என்று பார்த்து அங்கே போய்த்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஜிடிபியில் பத்துக் கட்டளை அடித்தும் ஒன்றும் நகராது.

(கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.)

இந்த நிற வசதி ஜிடிபி 8.3-இல் வந்தது, 2019 மே மாதம். அதனால்தான் உங்கள் பழைய பதிப்பில் எதுவும் இல்லை. இப்போது "ஷோ ஸ்டைல்" என்று அடித்துப் பாருங்கள், எல்லா வகைகளும் பட்டியலாக வரும், ஒவ்வொரு வகையின் பெயரும் அதன் நிறத்திலேயே அச்சாகும், ஆகவே எது கண்ணுக்குத் தெரியவில்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். தொடக்கத்தில் ஃபைல்நேம் பச்சை, ஃபங்ஷன் மஞ்சள், வேரியபிள் சயான், அட்ரஸ் நீலம். உங்கள் பேக்ட்ரேஸ் வரி ஒன்றை இடமிருந்து வலமாகப் படித்தால் இதே நிறங்கள்தான்: நீலத்தில் முகவரி, மஞ்சளில் ஃபங்ஷன், அடைப்புக்குள் சயானில் ஆர்குமென்ட் பெயர்கள், கடைசியில் பச்சையில் ஃபைல். #0-இல் முகவரி வராததற்குக் காரணம், நிரல் ஒரு சோர்ஸ் வரியின் சரியான தொடக்கத்தில் நின்றால் ஜிடிபி முகவரியை அச்சிடாது. மற்ற ஃப்ரேம்கள் (பேக்ட்ரேஸின் ஒவ்வொரு வரியும் ஒரு ஃப்ரேம்) எல்லாம் ஒரு அழைப்பின் நடுவில் நிற்பவை, அதனால் முகவரி வந்தே தீரும்.

மாற்றுவது இப்படி:

செட் ஸ்டைல் அட்ரஸ் ஃபோர்கிரவுண்ட் மெஜந்தா

அவ்வளவுதான். ஃபோர்கிரவுண்ட், பேக்கிரவுண்ட், இன்டென்சிட்டி என்று ஒவ்வொரு வகைக்கும் மூன்று அமைப்பு உண்டு. நிறங்கள் பிளாக், ரெட், க்ரீன், யெல்லோ, ப்ளூ, மெஜந்தா, சயான், ஒயிட், இவற்றோடு "நன்". நன் என்றால் டெர்மினலின் இயல்பான எழுத்து நிறம். இன்டென்சிட்டிக்கு நார்மல், போல்ட், டிம்.

ஏன் மெஜந்தா என்று கேட்பீர்கள். இங்கேதான் டெர்மினல் வருகிறது. ஜிடிபி "நீலம்" என்று சொல்லும்போது அனுப்புவது 34 என்ற எண்ணை மட்டும்தான், 30 கறுப்பில் தொடங்கி 37 வெள்ளை வரை எட்டு எண்கள். எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் அந்த 34-ஐ இயல்பாக 0, 0, 238 (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 255-க்கு எவ்வளவு) என்று வரைகிறது. மனிதக் கண்ணுக்கு நீலத்தின் வெளிச்சம் மிகக் குறைவு, ஒளிர்வைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரத்தில் பச்சைக்கு 0.7152 என்றால் நீலத்துக்கு வெறும் 0.0722. கணக்குப் போட்டால் கறுப்பின் மேல் அந்த நீலத்தின் வேறுபாட்டு விகிதம் ஏறக்குறைய 2.2 வருகிறது, வலைப்பக்க எழுத்துக்கே குறைந்தது 4.5 வேண்டும் என்பது பொது விதி. வெள்ளையின் மேல் எக்ஸ்டெர்ம் மஞ்சளுக்கு 1.7. உங்கள் கண்ணில் கோளாறு இல்லை, எண்ணே அப்படித்தான் சொல்கிறது. அதே எக்ஸ்டெர்மின் மெஜந்தா 205, 0, 205, அது கறுப்பின் மேல் ஏறக்குறைய 4.5, வெள்ளையின் மேல் 4.7. இரண்டு மெஷினிலும் ஒரே அமைப்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் நடுவெளிச்சத்தில் இருக்கும் இந்த மாதிரி நிறம்தான் கை கொடுக்கும்.

இன்னொரு வழி, நீலத்தையே வைத்துக்கொண்டு "செட் ஸ்டைல் அட்ரஸ் இன்டென்சிட்டி போல்ட்" கொடுப்பது. பல டெர்மினல்கள் தடித்த எழுத்தைப் பிரகாசமான நிறத்தில் காட்டும், எக்ஸ்டெர்மில் அது 92, 92, 255 ஆகிவிடும், விகிதம் 2.2-இலிருந்து 4.4-க்கு ஏறும். சில டெர்மினல்களில் இது ஒரு விருப்பத்தேர்வாக இருக்கும், அணைந்திருந்தால் எழுத்து தடிக்கும், நிறம் மாறாது.

மூன்றாவது வழி, டெர்மினலின் வண்ணப் பட்டியலிலேயே நான்காம் நிறத்தை (கறுப்பை 0 என்று எண்ணினால் 4-ஆவதாக வரும் நீலம்) கொஞ்சம் வெளிறச் செய்வது. என்னைக் கேட்டால் இதுதான் முதலில் செய்ய வேண்டியது, ஏனென்றால் ஜிடிபி மட்டும் இல்லை, அதே 34-ஐப் பயன்படுத்தும் டைரக்டரி பட்டியல், எடிட்டர் எல்லாமே ஒரே நேரத்தில் சரியாகும். விண்டோஸ் கன்சோலிலும் இதே கதைதான், பல வருஷம் 0, 0, 128 என்ற கரு நீலத்தை வைத்திருந்தார்கள், 2017-இல்தான் படிக்க முடியவில்லை என்று 0, 55, 218-க்கு மாற்றினார்கள்.


பதில் 2

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஸ்கிரிப்ட் பதிவில் வரும் குப்பை பற்றி. ஸ்கிரிப்ட் கட்டளை ஒரு போலி டெர்மினலைத் திறந்து அதற்குள் ஜிடிபியை ஓட்டுகிறது, ஜிடிபிக்கு அது நிஜ டெர்மினலாகவே தெரியும், அதனால் நிறக் குறிகளை அனுப்பும், அவை அப்படியே ஃபைலில் இறங்கும். ஃபைலை "லெஸ்" கட்டளையில் பெரிய ஆர் விருப்பத்தோடு திறந்தால் நிறமாகவே தெரியும், ஆனால் மின்னஞ்சலில் ஒட்டினால் குப்பைதான்.

ஒரே ஒரு பேக்ட்ரேஸ் மட்டும் சுத்தமாக வேண்டுமென்றால் இதைப் பழகிக்கொள்ளுங்கள்:

வித் ஸ்டைல் எனேபிள்டு ஆஃப் -- பிடி

"வித்" கட்டளை ஒரு அமைப்பைத் தற்காலிகமாக மாற்றி, இரண்டு கோடுக்குப் பின்னால் இருக்கும் கட்டளையை (இங்கே பிடி, அதாவது பேக்ட்ரேஸ்) ஓட்டிவிட்டு, பழையபடி திருப்பி வைத்துவிடும். நான் தினமும் நாலைந்து முறை பயன்படுத்துகிறேன், நிறத்துக்கு மட்டும் இல்லை, ப்ரின்ட் அமைப்புகளுக்கும் அதேதான்.

செஷன் முழுக்க நிறம் வேண்டாம் என்றால் ஜிடிபியைத் தொடங்கும் முன் "நோ_கலர்" என்ற சூழல் மாறியில் ஏதாவது ஒரு மதிப்பு வையுங்கள், புதிய பதிப்புகள் அதைப் பார்த்து நிறத்தை அணைத்துக்கொள்ளும். உங்கள் பதிப்பு அதைக் கவனிக்கவில்லை என்றால் "டெர்ம்" மாறியை "டம்ப்" (ஊமை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல், கடைசி எழுத்து பி) என்று வைத்தாலும் அதே விளைவுதான். எடிட்டருக்குள் ஜிடிபி ஓட்டும்போது நிறமே வரவில்லை என்று சிலர் கேட்பார்கள், பெரும்பாலும் அந்த எடிட்டர் டெர்ம் மாறியை டம்ப் என்று வைத்திருப்பதுதான் காரணம்.


பதில் 3

ப்ராம்ப்ட் பிரச்சினைக்கு நான் சொல்கிறேன், இதில் ஒரு முழு நாள் மாட்டிக்கொண்டு வெளியே வந்தவன்.

ஜிடிபியில் நீங்கள் அடிக்கும் வரியைக் கையாள்வது ரீட்லைன் லைப்ரரி. வரி எங்கே மடங்க வேண்டும் என்று கணக்கிட, ப்ராம்ப்ட் எத்தனை எழுத்து அகலம் என்று அது எண்ணுகிறது. நீங்கள் சேர்த்த எஸ்கேப் குறிகள் திரையில் இடம் பிடிப்பதில்லை, ஆனால் ரீட்லைனுக்கு அது தெரியாது, அவற்றையும் எழுத்தாக எண்ணிவிடுகிறது. "(ஜிடிபி) " என்பது திரையில் ஆறு கட்டம், நிறத்தைத் தொடங்கவும் முடிக்கவும் சேர்த்த குறிகளையும் சேர்த்தால் அது பதினேழாக நினைத்துக்கொள்கிறது. அதனால் மடக்க வேண்டிய இடம் தவறிப்போய் அதே வரியின் மேல் எழுதுகிறது. மேல் அம்பை அழுத்திப் பழைய கட்டளைகளைக் கொண்டுவந்தால் பாதி எழுத்து ஒட்டிக்கொண்டு நிற்பதும் இதனால்தான்.

தீர்வு, இடம் பிடிக்காத ஒவ்வொரு துண்டையும் \001, \002 என்ற இரண்டு குறிகளுக்கு நடுவே வைப்பது. "இங்கிருந்து இதுவரை எண்ணாதே" என்று ரீட்லைனுக்குச் சொல்வது அதுதான். ஆக செட் ப்ராம்ப்ட் வரியில் முதலில் \001, பிறகு நிறத்தைத் தொடங்கும் குறி, அதாவது \033 அடுத்து திறக்கும் சதுர அடைப்பு அடுத்து 1;35 அடுத்து சிறிய எம் எழுத்து, பிறகு \002. அதன் பின் ப்ராம்ப்டின் எழுத்து, கடைசியில் ஒரு இடைவெளி. மறுபடி \001, நிறத்தை முடிக்கும் குறி, அதில் 1;35-க்குப் பதில் 0, பிறகு \002. இடைவெளியை இரண்டாவது \001-க்கு முன்னால் வைக்க மறக்காதீர்கள், விட்டுவிட்டால் நீங்கள் அடிப்பது அடைப்புக்குறியோடு ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் ஜிடிபி பைதானோடு கட்டப்பட்டிருந்தால் "செட் எக்ஸ்டெண்டட்-ப்ராம்ப்ட்" இன்னும் வசதி. அதில் \[ என்று தொடங்கி \] என்று முடித்தால் போதும், எண்ணாதே என்ற குறிப்பை அதுவே சேர்த்துக்கொள்ளும், கூடவே இப்போதைய ஃப்ரேம், த்ரெட், டைரக்டரி எல்லாம் ப்ராம்ப்டிலேயே காட்டலாம். பல த்ரெட் ஓடும் நிரலில் எந்த த்ரெட்டில் நிற்கிறோம் என்பது கண் முன்னாலேயே இருப்பது பெரிய உதவி, நான் நிறத்தைவிட அதற்காகத்தான் இதை வைத்திருக்கிறேன்.


கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ப்ராம்ப்ட் சரியாகிவிட்டது, \001 போட்டவுடன் வரி ஒழுங்காக மடங்குகிறது. அட்ரஸ் மெஜந்தா, ஃபங்ஷன் நிறம் நன் ஆனால் போல்ட், இரண்டு பின்னணியிலும் படிக்க முடிகிறது.

ஆனால் மூன்று இடத்தில் இடிக்கிறது. ஒன்று, "லிஸ்ட்" அடித்தால் வரும் சோர்ஸ் கோடில் கீவேர்டுகள் இன்னும் நீலமாகத்தான் இருக்கின்றன, செட் ஸ்டைல் கட்டளை எதற்கும் அசையவில்லை. இரண்டு, வீட்டு லேப்டாப்பில் .ஜிடிபிஇனிட் ஃபைலில் (ஜிடிபி திறக்கும்போது தானாகப் படிக்கும் அமைப்பு ஃபைல்) எல்லாவற்றையும் எழுதி வைத்தேன், அதை ஜிடிபி எடுத்துக்கொள்ளவே இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. மூன்று, சோதனை சர்வர் ஒன்றில் இன்னும் பழைய ஜிடிபிதான் இருக்கிறது, அங்கே அதே ஃபைலைப் போட்டால் தற்போதைய சூழலில் "ஸ்டைல்" என்ற சிம்பல் இல்லை என்று ஒரு பிழை, அதற்கு அப்புறம் என் ப்ரெட்டி ப்ரின்டர்கள் (சிக்கலான டேட்டாவைப் படிக்கும்படி அச்சிடும் துணை நிரல்கள்) எதுவும் ஏறவில்லை. இது எனக்கு நிறத்தைவிடப் பெரிய அடி.


பதில் 1 எழுதியவர்

கடைசியிலிருந்து வருகிறேன்.

பழைய ஜிடிபிக்கு "செட் ஸ்டைல்" என்றால் என்னவென்று தெரியாது. தெரியாத பெயர் செட்டுக்குப் பின்னால் வந்தால் அதை உங்கள் நிரலின் வேரியபிள் என்று நினைத்து மதிப்புக் கொடுக்கப் பார்க்கும், அதனால்தான் சிம்பல் இல்லை என்ற விசித்திரமான செய்தி. இனிட் ஃபைலில் ஒரு வரி பிழையானால் அதற்குக் கீழே இருப்பதை ஜிடிபி படிக்காது, உங்கள் ப்ரெட்டி ப்ரின்டர்கள் அதில்தான் போயின. நிற வரிகளை ஃபைலின் அடிக்குக் கொண்டுபோவது எளிய வழி. சரியான வழி, பைதான் தொகுதி ஒன்றுக்குள் ஒரு சிறிய பட்டியலாக அந்த வரிகளை வைத்து, ஒவ்வொன்றையும் ஜிடிபி.எக்ஸிக்யூட் மூலம் ட்ரை-க்குள் ஓட்டி, ஜிடிபி.எரர் வந்தால் பாஸ் என்று விட்டுவிடுவது. ஒரே ஃபைல் எல்லா மெஷினிலும் ஓடும், புதிய பதிப்பில் வந்த வகையைப் பழையது தெரியாது என்று சொன்னாலும் மற்ற வரிகள் நிற்கும். பழைய சர்வர் ஜிடிபியில் பைதான் இல்லை என்றால் மட்டும் முதல் வழி.

வீட்டு லேப்டாப்பில் ஹோம் டைரக்டரிக்குள் .கான்ஃபிக், அதற்குள் ஜிடிபி, அதற்குள் ஜிடிபிஇனிட் என்று ஒரு ஃபைல் இருக்கிறதா பாருங்கள். புதிய ஜிடிபி அந்த இடத்தை முதலில் தேடும், அங்கே கிடைத்துவிட்டால் ஹோமில் இருக்கும் .ஜிடிபிஇனிட்டைத் தொடாது. ஏதாவது ஒரு கருவியை நிறுவும்போது அந்த ஃபைல் உருவாகியிருக்கலாம், காலியாக இருந்தாலும் போதும், உங்கள் ஃபைலை மறைத்துவிடும்.

கீவேர்டு விஷயத்தை வேறு யாராவது எழுதுங்கள், நான் சோர்ஸ் நிறத்தை அணைத்தே வைத்திருக்கிறேன், "செட் ஸ்டைல் சோர்சஸ் ஆஃப்". பேக்ட்ரேஸின் நிறம் அப்படியே இருக்கும், கோடு மட்டும் வெறுமையாக வரும்.


பதில் 4

கீவேர்டு நிறம் ஜிடிபியுடையது இல்லை, அதனால்தான் அசையவில்லை. சோர்ஸ் கோடுக்கு நிறம் பூசுவது குனு சோர்ஸ்-ஹைலைட் என்ற லைப்ரரி. அது இல்லாமல் கட்டப்பட்ட ஜிடிபி என்றால், பைதானின் பிக்மென்ட்ஸ் இருக்கிறதா என்று பார்த்து அதைப் பயன்படுத்தும். இரண்டும் இல்லையென்றால் கோடு நிறமில்லாமல் வரும். உங்களிடம் எது என்று அறிய "ஷோ கான்ஃபிகரேஷன்" அடியுங்கள், எந்தெந்த லைப்ரரியோடு கட்டப்பட்டது என்று வரும், அதில் சோர்ஸ்-ஹைலைட் எனேபிள் என்று இருக்கிறதா, டிஸேபிள் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

சோர்ஸ்-ஹைலைட் என்றால், அது தன் நிறங்களை இஎஸ்சி.ஸ்டைல் என்ற சிறிய எழுத்து ஃபைலிலிருந்து எடுக்கிறது. பெரும்பாலான லினக்ஸில் யுஎஸ்ஆர், ஷேர், சோர்ஸ்-ஹைலைட் என்ற டைரக்டரியில் இருக்கும். திறந்தால் ஒரு வரிக்கு ஒரு விதி: கீவேர்டு, ஒரு இடைவெளி, நிறத்தின் பெயர், தடிப்பு வேண்டுமானால் பி எழுத்து, ஒரு அரைப்புள்ளி. படித்தவுடன் புரியும், எந்தக் கையேடும் தேவையில்லை. நீலம் என்று இருக்கும் இடத்தில் வேறு நிறம் எழுதினால் முடிந்தது.

ஆனால் அந்த இடத்திலேயே திருத்தாதீர்கள். பேக்கேஜ் அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது உங்கள் திருத்தம் அழிந்துவிடும், எனக்கு இரண்டு முறை அழிந்தது. முழு டைரக்டரியையும் ஹோமுக்குள் நகலெடுத்து, நகலில் திருத்தி, சோர்ஸ்_ஹைலைட்_டேட்டாடிர் என்ற சூழல் மாறியை, எல்லாம் பெரிய எழுத்தில், அந்த நகலைக் காட்டும்படி வையுங்கள். ஸ்டைல் ஃபைலை மட்டும் நகலெடுத்தால் போதாது, சி, சி++ போன்ற மொழிகளின் இலக்கண வரையறை ஃபைல்களையும் லைப்ரரி அதே டைரக்டரியில்தான் தேடும், அவை இல்லையென்றால் நிறமே வராது.

பிக்மென்ட்ஸ் என்றால் கதை வேறு. ஜிடிபி அதன் டெர்மினல் வடிவமைப்பியை இயல்பான அமைப்பிலேயே அழைக்கிறது, அந்த இயல்பு வெள்ளைப் பின்னணியை நினைத்து எழுதப்பட்டது, கீவேர்டு கரு நீலம்தான். கறுப்புத் திரை வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது, டெர்மினலின் நான்காம் நிறத்தை வெளிறச் செய்வதுதான் எளிய மருந்து. இரண்டு லைப்ரரியும் இருக்கும் ஜிடிபியில் "மெயின்ட் செட் குனு-சோர்ஸ்-ஹைலைட் எனேபிள்டு ஆஃப்" என்று அடித்துப் பிக்மென்ட்ஸுக்கு மாறி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று. உங்கள் பதிப்பு 12 என்கிறீர்கள், அதில் டிஸ்அசெம்பிளி (மெஷின் கட்டளைகளைப் படிக்கும் வடிவில் காட்டுவது) வரிகளின் நிறமும் பிக்மென்ட்ஸ் தருவதுதான். 13-இலிருந்து டிஸ்அசெம்பிளர் லைப்ரரியே எது ரெஜிஸ்டர், எது நிமோனிக் (கட்டளையின் சுருக்கப் பெயர்), எது எண் என்று பிரித்துச் சொல்கிறது, அவற்றுக்கு "செட் ஸ்டைல் டிஸ்அசெம்பிளர்" என்பதன் கீழ் தனித்தனி நிறம் வைக்கலாம். அசெம்பிளி அதிகம் பார்ப்பவர் என்றால் இதற்காகவே பதிப்பை உயர்த்தலாம்.


பதில் 5

எனக்குச் சிவப்பு-பச்சை நிறக் குறைபாடு உண்டு, பிறவியிலேயே. அதனால் இந்த இழையில் வந்த அறிவுரைகளில் பாதி எனக்கு வேலை செய்யாது, என்னைப் போல் இருப்பவர்களுக்காக என் அமைப்பை எழுதுகிறேன்.

நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை என்று ஒரு கட்டத்தில் தெரிந்தது. மஞ்சள் ஃபங்ஷன் பெயரும் பச்சை ஃபைல் பெயரும் எனக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஒரே வரியில் இரண்டும் வரும்போது நிறம் எந்தத் தகவலையும் தருவதில்லை. எனவே ஃபோர்கிரவுண்டை எல்லாவற்றுக்கும் நன் என்று வைத்துவிட்டு, வேறுபாட்டை இன்டென்சிட்டியிலும் பேக்கிரவுண்டிலும் கொண்டுவந்தேன். ஃபங்ஷன் பெயர் போல்ட். முகவரி டிம், தேவைப்படும்போது மட்டும் பார்ப்பேன். ஃபைல் பெயர் நார்மல். வேரியபிளுக்கு மட்டும் பின்னணி நீலம், எழுத்து வெள்ளை. நாற்பது ஃப்ரேம் ஓடும் பேக்ட்ரேஸில்கூட ஆர்குமென்ட் பெயர்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக நிற்கும், அவை ஒரே நேர்க்கோட்டில் வராது, ஆனாலும் கண் தானாக அங்கே போகும். முன்பு வரி வரியாக விரல் வைத்துப் படித்தேன், இப்போது மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாகப் பார்க்கிறேன்.

டிம் பற்றி ஒரு எச்சரிக்கை. சில டெர்மினல்கள் அதைக் கண்டுகொள்ளாது, சிலவற்றில் எழுத்து ஒரேயடியாக மங்கிப்போகும். ஜிடிபி தானாகவே டிம் பயன்படுத்தும் இடம் ஒன்று உண்டு, "மெட்டாடேட்டா" என்ற வகை. வேரியபிளின் மதிப்புக்குப் பதில் அது ஆப்டிமைஸ் செய்யப்பட்டுவிட்டது என்று வரும் குறிப்பு, அர்ரேயில் இதே மதிப்பு இத்தனை முறை என்று வரும் குறிப்பு, இவை அந்த வகை. உங்கள் டெர்மினலில் அது மங்கி மறைந்தால் இத்தனை முறை என்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு அர்ரேயின் அளவைத் தவறாக எண்ணுவீர்கள், எனக்கு நடந்திருக்கிறது. "செட் ஸ்டைல் மெட்டாடேட்டா இன்டென்சிட்டி நார்மல்" என்று வைத்துவிடுங்கள்.

டியூஐ முறை (டெர்மினலைப் பிரித்து மேலே சோர்ஸ் கோடு, கீழே கட்டளை என்று காட்டுவது) பயன்படுத்துபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, பிரேக்பாயின்ட் (நிரல் நிற்க வேண்டிய இடம்) இருக்கும் வரியை ஓரத்தில் எழுத்துக் குறியால் காட்டுகிறார்கள், அதை நம்பலாம்.


பதில் 6

எல்எல்டிபி என்ற இன்னொரு டிபக்கரைப் பயன்படுத்துபவர் யாராவது இங்கே வந்தால்: அங்கே வகை வகையாக ஸ்டைல் கிடையாது. "செட்டிங்ஸ் ஷோ ஃப்ரேம்-ஃபார்மாட்" என்று அடித்தால் ஒரு பேக்ட்ரேஸ் வரியின் முழு வடிவமும் வரும், நிறக் குறிகள் அந்த வடிவத்துக்குள்ளேயே இருக்கும். அதை நகலெடுத்து நிறத்தை மாற்றி "செட்டிங்ஸ் செட்" மூலம் திருப்பிக் கொடுக்க வேண்டும், நிலையாக வேண்டுமென்றால் ஹோமில் .எல்எல்டிபிஇனிட் ஃபைலில். முழுக்க அணைக்க "செட்டிங்ஸ் செட் யூஸ்-கலர் ஃபால்ஸ்". ப்ராம்ப்டுக்கும் அதே குறிகள்தான்.

ஜிடிபியின் மேல் ஜிஇஎஃப் அல்லது பிடபிள்யூஎன்டிபிஜி என்ற நீட்சியைப் போட்டு ஓட்டுபவர்கள் கவனிக்க, அவை காட்டும் பலகைகளின் நிறத்தை அவையே வைத்திருக்கின்றன, இரண்டிலும் "தீம்" என்று தனிக் கட்டளை உண்டு. ஜிஇஎஃபில் மாற்றிய பிறகு "ஜிஇஎஃப் சேவ்" அடிக்காவிட்டால் அடுத்த முறை பழையபடி வரும்.


கேள்வி கேட்டவர்

வீட்டில் .கான்ஃபிக் டைரக்டரிக்குள் உண்மையாகவே ஒரு ஃபைல் இருந்தது, உள்ளே ஒரே ஒரு கமென்ட் வரி. நீக்கியதும் என் ஃபைல் ஏறிவிட்டது. சோதனை சர்வரில் ட்ரை போட்டுவிட்டேன், ப்ரெட்டி ப்ரின்டர்கள் திரும்பி வந்துவிட்டன.

ஷோ கான்ஃபிகரேஷனில் சோர்ஸ்-ஹைலைட் டிஸேபிள் என்று வருகிறது, ஆக எனக்கு வருவது பிக்மென்ட்ஸ் நீலம். டெர்மினலின் நான்காம் நிறத்தை 110, 150, 255 என்று வைத்தேன். கீவேர்டும் தெரிகிறது, டைரக்டரி பட்டியலும் தெரிகிறது. மெட்டாடேட்டாவையும் மாற்றினேன், இதுவரை அந்த "இத்தனை முறை" குறிப்பு என் திரையில் வருகிறது என்பதே எனக்குத் தெரியாது, இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். டியூஐ-இல் நிற்கும் வரி மட்டும் நிறமில்லாமல் தலைகீழ் வண்ணத்தில் வருகிறது, மற்ற வரிகளுக்கு நிறம் உண்டு. இதுவும் பிக்மென்ட்ஸா?


பதில் 4 எழுதியவர்

இல்லை, அது ஜிடிபியே வேண்டுமென்று செய்வது, தலைகீழ் வண்ணத்தின் மேல் கீவேர்டு நிறமும் சேர்ந்தால் சில டெர்மினல்களில் எழுத்து மறைந்துவிடும் என்பதால். 13-இலிருந்து "செட் ஸ்டைல் டியூஐ-கரன்ட்-பொசிஷன் ஆன்" என்று கொடுத்தால் அந்த வரிக்கும் நிறம் வரும். உங்கள் 12-இல் அந்த அமைப்பு இல்லை, அந்த வரியையும் ட்ரை பட்டியலில் சேர்த்து வையுங்கள், பதிப்பு ஏறும் நாளில் தானாக வேலை செய்யும்.